ஜோஷிக்கு வாழ்த்துச் சொன்ன காலம்

ஜனவரி 5-ம் தேதி சில கம்ப்யூட்டர்களைப் போட்டால் திரை அப்படியே நின்றுவிடும். ‘ஹேப்பி பர்த்டே ஜோஷி’ என்று டைப் செய்யச் சொல்லி ஒரு வரி வரும். டைப் செய்தால் மெஷின் மறுபடி ஓடும். வேறு எதைத் தட்டினாலும் அசையாது. 1990-ல் இந்தியாவில் பிடிபட்ட வைரஸ் அது. அதே காலத்தில் பிங்பாங் என்று ஒன்று இருந்தது. திரையில் ஒரு பந்து சுவருக்குச் சுவர் மோதித் துள்ளும். கேஸ்கேட் வந்தால் எழுத்துகள் ஒவ்வொன்றாக உதிர்ந்து திரையின் அடியில் குவியும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நாகர்கோவிலில் கம்ப்யூட்டர் படித்த எங்களுக்கு வைரஸ் என்றால் இப்படித்தான். வந்தால், வந்துவிட்டது என்று தெரியும்.

இவற்றுக்கெல்லாம் மூத்தது பிரெய்ன். 1986-ல் பாகிஸ்தானின் லாகூரில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்த அம்ஜத், பாசித் என்ற இரண்டு சகோதரர்கள் எழுதியது. தாங்கள் விற்ற மருத்துவ சாஃப்ட்வேரைச் சிலர் காசு கொடுக்காமல் நகலெடுத்துக்கொண்டார்கள் என்ற கோபத்தில் எழுதினார்கள். அந்த வைரஸுக்குள்ளேயே தங்கள் பெயர், கடை முகவரி, போன் நம்பர் எல்லாம் வைத்திருந்தார்கள். இன்றைக்கு ஒரு விளையாட்டுக்குள் ஒளிந்து வரும் திருட்டு நிரலை எழுதியவன் எந்த நாட்டுக்காரன் என்று கண்டுபிடிக்கவே பெரிய கம்பெனிகள் மாதக்கணக்கில் உட்காருகின்றன. அன்றைய வைரஸ் விலாசத்தோடு வந்தது.

நான் படித்த சென்டர் வெட்டூர்ணிமடம் பக்கம் ஒரு மாடியில் இருந்தது. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, கனமான திரைச்சீலையை விலக்கி, குளிர் அறைக்குள் போகவேண்டும். அங்கே படித்தது வேர்ட்ஸ்டார், டிபேஸ், கோபோல். எங்கள் மெஷின்களில் பச்சை எழுத்து மானிட்டர்தான். டேஞ்சரஸ் டேவ், டிக்கர் மாதிரியான விளையாட்டுகள் கலர் கார்டுக்காக எழுதப்பட்டவை. பச்சை மானிட்டரில் அவை ஓடாது. அதற்கு சிம்சிஜிஏ என்று ஒரு சின்ன நிரலை முதலில் ஓட்டவேண்டும். அப்புறம் டிக்கர் பச்சைப் பச்சையாகத் தெரியும். அந்தப் பச்சையிலேயே மனசு நிறைந்துவிடும். பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியாவைக் கலர் மானிட்டரில் விளையாடத்தான் ஆசை. அது மேனேஜர் அறையில் ஒன்றுதான் இருந்தது. அவர் மதியச் சாப்பாட்டுக்குப் போகும் நேரம் எங்களுக்கு மனப்பாடம்.

விளையாட்டுகள் வந்த வழி எல்லாம் மனிதர்கள். திருவனந்தபுரத்தில் இன்ஜினீயரிங் படிக்கிற அண்ணன் சனிக்கிழமை பஸ்ஸில் கொண்டுவருவான். துபாயிலிருந்து லீவுக்கு வந்த மாமா பையில் வரும். ஸ்காட் காலேஜ் பையன் ஒருவன் இரண்டு பிளாப்பியை ரப்பர் பேண்ட் போட்டுச் சட்டைப் பையில் வைத்து சைக்கிளில் வருவான். ஒரு விளையாட்டு எந்தெந்தக் கை மாறி நம்மிடம் வந்தது என்று கேட்டால் பெரும்பாலும் பதில் இருக்கும்.

எங்கள் லேபைப் பார்த்துக்கொண்டவரை எல்லோரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். பூதப்பாண்டிக்காரர். பெரிய படிப்பு இல்லை. ஆனால் இன்றுவரை நான் செய்யும் தொழிலின் முக்கால் பங்கு அவர் கற்றுக்கொடுத்தது. புது பிளாப்பியோடு யார் வந்தாலும் அவர் கேட்பது ஒன்றுதான்.

“கேமு நல்லாருக்கா இல்லையான்னு பொறவு பாப்போம் மக்கா. மொதல்ல இத யாரு தந்தா? அவனுக்கு யாரு தந்தா? வந்த வழியச் சொல்லு.”

வழியைச் சொன்னாலும் போதாது. மூலையில் ஹார்ட் டிஸ்கே இல்லாத ஒரு பழைய எக்ஸ்டி மெஷின் கிடந்தது; இரண்டு பிளாப்பி டிரைவ் மட்டும். வெளியிலிருந்து வரும் எதுவும் முதலில் அங்கேதான் போகும். அண்ணாச்சி தன் பெட்டியிலிருந்து சுத்தமான டாஸ் பிளாப்பியை எடுப்பார். ஐந்தேகால் இன்ச் பிளாப்பியின் ஓரத்தில் சதுரமாக ஒரு வெட்டு இருக்கும். அதை ஒரு வெள்ளி ஸ்டிக்கரால் மூடிவிட்டால் அந்தப் பிளாப்பியில் யாராலும் எதுவும் எழுத முடியாது. வைரஸாலும் முடியாது. அவர் பிளாப்பியின் ஸ்டிக்கரை நகத்தால் ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் டிரைவுக்குள் போடுவார். அதிலிருந்து மெஷினை எழுப்பி, மெக்காஃபி ஸ்கேனோ எஃப்-ப்ராட்டோ ஓட்டுவார். பிறகு ஒரு நீள நோட்டைத் திறப்பார்.

அந்த நோட்டில் விளையாட்டுகளின் பெயரும் அவற்றின் அளவும் இருக்கும், ஒரு பைட் பிசகாமல். ‘டிர்’ என்று தட்டினால் திரையில் வரும் எண்ணும் நோட்டில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்கவேண்டும். காரணம் எளிது: அன்றைய வைரஸ் ஒரு நிரலுக்குள் நுழைந்தால் அதன் உடம்பு பருக்கும். கேஸ்கேட் ஒட்டினால் 1701 பைட் கூடும். ஜெரூசலம் ஒட்டினால் சில கோப்புகளில் 1813 கூடும். அந்த எண்களே அந்த வைரஸ்களின் மறுபெயர்களாக ஆயின. விளையாட்டை ஒருமுறை ஓட்டிவிட்டு, அண்ணாச்சி மறுபடியும் டிர் தட்டுவார். எண் மாறவில்லை என்றால் நோட்டில் ஒரு டிக். அப்புறம்தான் எங்கள் கையில் கொடுப்பார். காத்திருக்கிற எங்களுக்கு அந்த அரை மணி நேரம் பெரிய கொடுமையாகத் தெரிந்தது. இன்று நினைத்துப் பார்த்தால், ஒரு மாவட்டத் தலைநகரின் மாடி அறையில், யாரும் சொல்லிக்கொடுக்காமல், உலகத்தரமான ஒரு பரிசோதனைச் சாலையை அவர் நடத்தியிருக்கிறார்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லவேண்டும். அந்தப் பிளாப்பிகளில் பாதி, காசு கொடுத்து வாங்கவேண்டியதை நகலெடுத்தவை. ஆனால் எல்லாமே அப்படியல்ல. கமாண்டர் கீன், வுல்ஃபென்ஸ்டைன், 1993 டிசம்பரில் வந்த டூம் ஆகியவை எல்லாம் ஷேர்வேர். முதல் பாகத்தை எவ்வளவு பேருக்கு வேண்டுமானாலும் நகலெடுத்துக் கொடுங்கள், பிடித்திருந்தால் மீதிக்குக் காசு அனுப்புங்கள் என்று எழுதியவர்களே சொல்லி அனுப்பினார்கள். டூமின் முதல் பாகத்தில் மட்டும் ஒன்பது களங்கள். விளையாடிப் பார்த்துவிட்டு வாங்கு என்ற அந்த நேர்மையான வழி அப்போதே நம் கையில் இருந்தது. அதைத் திருட்டு நகலோடு சேர்த்து ஒரே ரப்பர் பேண்டில் கட்டி வைத்திருந்தோம். இரண்டுக்கும் வேறுபாடு சொல்லித்தர அண்ணாச்சிக்கும் தெரியவில்லை. காசு அனுப்ப நினைத்தாலும் அமெரிக்காவுக்கு டாலர் அனுப்பும் வழி அன்று நாகர்கோவில் மாணவன் எவனுக்கும் இல்லை.

அண்ணாச்சியின் நோட்டு தோற்றது 1999 ஏப்ரல் 26, திங்கட்கிழமை.

அப்போது நான் செட்டிகுளம் பக்கம் ஒரு சர்வீஸ் கடையில் சேர்ந்திருந்தேன். காலையிலேயே ஆட்டோவில் சிபியுக்களை மடியில் வைத்துக்கொண்டு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். ஃபேன் சுற்றுகிறது, விளக்கு எரிகிறது, திரையில் ஒன்றும் இல்லை. தைவானைச் சேர்ந்த சென் இங்-ஹாவ் என்ற மாணவர் 1998-ல் எழுதிய சிஐஎச் வைரஸ் அது. செர்னோபில் அணு உலை வெடித்த அதே தேதியில் வெளிப்பட்டதால் செர்னோபில் என்றும் பெயர். ஹார்ட் டிஸ்கின் தொடக்கத்தை அழித்துவிடும். அதோடு நில்லாமல், மதர்போர்டில் இருக்கும் பயோஸ் சிப்பில் உள்ளதையும் பாழாக்கும். மெஷினுக்கு எப்படி எழுந்திருப்பது என்பதே மறந்துபோகும். வைரஸ் என்பது கோப்பைக் கெடுக்கும், பலகையைக் கெடுக்காது என்று நம்பிக்கொண்டிருந்த தொழில்காரர்கள் எல்லோரும் அன்று வாயடைத்து நின்றோம்.

சிஐஎச் கோப்பைப் பருக்க வைக்கவில்லை. விண்டோஸ் நிரல்களுக்குள் இருக்கும் வெற்றிடங்களில் தன்னைத் துண்டு துண்டாக நிரப்பிக்கொண்டது. அளவு ஒரு பைட் மாறாது. நோட்டில் டிக் விழும். அந்தக் காலத்தில் சென்னையிலிருந்தும் திருவனந்தபுரத்திலிருந்தும் வந்த திருட்டு கேம் சிடிகள் அதைச் சுமந்து வந்தன. ஆனால் திருட்டை மட்டும் குறை சொல்லவும் முடியாது: 1999 மார்ச்சில் ஐபிஎம்மின் சில ஆப்டிவா கம்ப்யூட்டர்களே அந்த வைரஸோடு தொழிற்சாலையிலிருந்து வெளியே போயிருந்தன. நல்ல இடத்திலிருந்து வந்தது என்பதும் சோதனைக்கு ஈடாகாது.

சில போர்டுகளை மீட்டோம். அதே மாடல் போர்டு ஒன்று நல்லபடியாக ஓடிக்கொண்டிருக்க வேண்டும். ஓடும்போதே அதன் பயோஸ் சிப்பை மெதுவாக நெம்பி எடுத்து, அந்தச் சாக்கெட்டில் செத்த சிப்பை வைத்து, பயோஸை மறுபடி எழுதவேண்டும். கை நடுங்கினால் இரண்டு போர்டும் போய்விடும். சிப்பைச் சாலிடர் வைத்திருந்த போர்டுகளுக்கு அந்த வழியும் இல்லை. பிளஸ் டூ பையன் ஒருவனின் அப்பா, கோட்டாறில் மளிகைக் கடை வைத்திருந்தவர், கடன் வாங்கிக் கொடுத்த கம்ப்யூட்டர் ஒன்று அப்படித்தான் போனது. அடுத்த வருஷம் ஏப்ரல் வந்தபோது ஊரில் பலர் கம்ப்யூட்டர் தேதியை 25-லிருந்து நேரே 27-க்குத் தள்ளி வைத்தார்கள்.

பிறகு வந்த பத்து வருஷத்தை வேகமாகக் கடந்துவிடலாம். பிரவுசிங் சென்டர்கள், கவுன்டர் ஸ்ட்ரைக், வைஸ் சிட்டி, பத்திரிகைகளோடு இலவசமாக வந்த டெமோ சிடிகள், அப்புறம் பென் டிரைவ். பென் டிரைவ் வந்ததும் பிளாப்பியின் வெள்ளி ஸ்டிக்கர் போய்விட்டது. எழுதாமல் தடுக்கும் வசதி பெரும்பாலான பென் டிரைவில் இல்லை. செருகினாலே தானாக ஓடும் ஆட்டோரன் வசதியைப் பயன்படுத்தி வைரஸ்கள் குடியேறின. ஃபோல்டர் படம் போட்ட ஒரு கோப்பு இருக்கும். உண்மையில் அது இஎக்ஸ்இ. விண்டோஸ் கோப்புப் பெயரின் வாலை மறைத்து வைத்திருப்பதால் தெரியாது. மார்த்தாண்டத்திலிருந்தும் குலசேகரத்திலிருந்தும் போன் வரும்: “அண்ணே, போட்டோ எல்லாம் காணல்ல.” போனிலேயே சொல்லுவோம்: அட்ரிப், இடைவெளி விடு, மைனஸ் எச், மைனஸ் ஆர், மைனஸ் எஸ். மறைத்து வைக்கப்பட்ட கல்யாணப் படங்கள் வரிசையாகத் திரும்பி வரும். 2011 பிப்ரவரியில் மைக்ரோசாஃப்ட் பழைய விண்டோஸ்களுக்கும் பென் டிரைவ் ஆட்டோரனை நிறுத்தும் அப்டேட்டை அனுப்பியது. அந்த வியாதி மெல்ல அடங்கியது.

அதே 2011 செப்டம்பரில் தமிழ்நாடு அரசின் இலவச லேப்டாப் வந்தது. நம் மாவட்டத்தில் மலையோரத்து வீடுகளிலும் கடற்கரை வீடுகளிலும் முதல் கம்ப்யூட்டர் அதுதான். அதில் விண்டோஸோடு சிடாக் தயாரித்த பாஸ் லினக்ஸும் இருந்தது. பிள்ளைகள் என்னிடம் கொண்டுவந்து முதலில் கேட்டது பாஸை அழித்துத் தரச் சொல்லித்தான், கேம் ஏற்ற இடம் வேண்டுமாம். நான் அவர்களிடம் மன்றாடியிருக்கிறேன். அந்த லினக்ஸில் சூப்பர்டக்ஸ் என்று ஒரு பென்குவின் விளையாட்டை, சூப்பர்டக்ஸ்கார்ட் என்ற கார் பந்தயத்தை, ஒரு பைசா செலவில்லாமல், எந்தப் பயமும் இல்லாமல் ஏற்றிக்கொள்ளலாம். நிரல் முழுக்கத் திறந்து கிடப்பது. யார் வேண்டுமானாலும் உள்ளே பார்க்கலாம். காட்டியவர்களில் சிலர் விளையாடினார்கள். பலருக்கு வைஸ் சிட்டிதான் வேண்டியிருந்தது. பதினேழு வயதுப் பையனுக்குத் தன் கூட்டாளி விளையாடுவதுதான் விளையாட்டு. அது இயல்பு. அதை மதிக்காமல் அவனுக்குப் பாதுகாப்பைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது.

இப்போது என் தங்கச்சி மகன் கதைக்கு வருகிறேன். தக்கலையில் வீடு. அப்பா ஷார்ஜாவில். பிளஸ் டூவில் நல்ல மார்க் எடுத்தான் என்று அவர் லீவில் வந்தபோது ஒரு கேமிங் லேப்டாப் வாங்கிக் கொடுத்தார். பையன் ஒரு பெரிய விளையாட்டைத் தேடினான். கூகிளில் பெயரைப் போட்டு, பக்கத்தில் ‘ஃப்ரீ டவுன்லோட்’ என்று சேர்த்தான். ஒரு ஜிப் கோப்பு வந்தது. அதற்கு ஒரு பாஸ்வேர்ட். கூடவே ஒரு குறிப்பு: ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு இன்ஸ்டால் செய்யவும், எச்சரிக்கை வந்தால் அது பொய் எச்சரிக்கை.

அப்படியே செய்தான். விளையாட்டு அருமையாக ஓடியது. இதைத்தான் பெற்றோர்கள் புரிந்துகொள்ளவேண்டும். ஒன்றும் உறையவில்லை, எழுத்து உதிரவில்லை, யாரும் வாழ்த்துக் கேட்கவில்லை. சும்மா இருக்கும்போதும் ஃபேன் மட்டும் இரைந்துகொண்டே இருந்தது. இரண்டு வாரம் கழித்து அவன் இன்ஸ்டாகிராமிலிருந்து அவன் கூட்டாளிகளுக்கெல்லாம் கிரிப்டோ முதலீட்டு விளம்பரம் போனது. அடுத்து தங்கச்சியின் ஜிமெயிலில் யாரோ உள்ளே வந்துபோன அறிவிப்பு. அவளும் அதே லேப்டாப்பில்தான் மின்சாரக் கட்டணம் கட்டுவாள். ஷார்ஜாவிலிருந்து போன்.

“மச்சான், ரெண்டு பாஸ்வேர்ட் வச்ச அக்கவுன்டாக்கும். பொறவு எப்படி உள்ள வந்தான்?”

உள்ளே வர அவனுக்குப் பாஸ்வேர்டே தேவையில்லை. நாம் ஒருமுறை உள்ளே நுழைந்ததும் பிரவுசர் ஒரு அனுமதிச் சீட்டை, குக்கி என்பார்கள், சேமித்து வைக்கிறது. அடுத்தமுறை கேட்காமல் உள்ளே விடுவதற்காக. இன்றைய திருட்டு நிரல்கள் முதலில் எடுப்பது அதைத்தான். சேமித்த பாஸ்வேர்டுகள், குக்கிகள், டெலிகிராம், கிரிப்டோ பணப்பை என்று சில நிமிஷங்களில் வாரிக்கொண்டு போய்விடும். இரைந்த ஃபேன் வேறு ஒரு வேலை: யாருக்கோ மொனேரோ என்ற கிரிப்டோ நாணயத்தை இந்த லேப்டாப் உழைத்துச் சம்பாதித்துக்கொண்டிருந்தது. 2021 ஜூனில் அவாஸ்ட் நிறுவனம் கிராக்கனோஷ் என்ற நிரலைப் பற்றி வெளியிட்டது. கிராக் செய்த ஜிடிஏ 5, ஃபார் க்ரை 5 போன்ற விளையாட்டுகளில் வந்தது. உலகம் முழுக்க 2 லட்சத்து 22 ஆயிரத்துக்கு மேற்பட்ட கம்ப்யூட்டர்களைப் பிடித்து, 20 லட்சம் டாலருக்கு மேல் சம்பாதித்திருந்தது. பாதிக்கப்பட்ட நாடுகளில் இந்தியாவும் உண்டு. அதுவும் ஆன்டிவைரஸைத்தான் முதலில் அணைத்தது.

கிராக் செய்த விளையாட்டில் இன்னொரு கெடுதல் இருக்கிறது. இதைப் பற்றி யாரும் பிள்ளைகளிடம் பேசுவதில்லை. கிராக் என்பதே நிரலை உடைத்துத் திருத்துவது. அதில் திருட்டு இருந்தாலும் ஆன்டிவைரஸ் கத்தும், இல்லாவிட்டாலும் பல நேரம் கத்தும். பையன் முதல் தடவை அணைத்துவிட்டு விளையாடுகிறான், ஒன்றும் ஆகவில்லை. இரண்டாம் தடவையும் அப்படியே. மூன்றாம் தடவை உண்மையான எச்சரிக்கை வரும்போது அவனுக்கு அது பழகிப்போன சத்தம். எங்களுக்கு அண்ணாச்சி எச்சரிக்கையைக் கேட்கப் பழக்கினார். இவர்களுக்கு அதைக் கேட்காமல் இருக்க அந்நியர்கள் பழக்குகிறார்கள்.

அந்த ராத்திரி செய்தது: முதலில் லேப்டாப்பின் இன்டர்நெட்டைத் துண்டித்தோம். தங்கச்சியின் போனிலிருந்து எல்லாப் பாஸ்வேர்டுகளையும் மாற்றி, ‘எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு’ என்பதை ஒவ்வொரு கணக்கிலும் அழுத்தினோம். அதை அழுத்தினால்தான் திருடிய அனுமதிச் சீட்டு செல்லாமல் போகும். நெட் பேங்கிங்கில் ஏதும் நகரவில்லை. நகர்ந்திருந்தால் உடனே 1930-க்கு அழைக்கவேண்டும், விடியட்டும் என்று இருக்கக்கூடாது. லேப்டாப்பைச் சுத்தம் செய்ய முயலவில்லை. முழுவதையும் அழித்து விண்டோஸைப் புதிதாக ஏற்றினேன். பையன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். அவனுடைய அப்பா போனில் “இனி கேமே வேண்டாம்” என்று சொன்னார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. வேண்டாம் என்றால் அவன் கூட்டாளி வீட்டில் போய் அதே கோப்பை ஏற்றுவான்.

“மாமா, காசு இல்லாம நல்ல கேமு எங்க கெடைக்கும்?” என்று கேட்டான். கேட்டானே என்று எனக்குச் சந்தோஷம். ஏனென்றால் பதில் இருக்கிறது. எங்களுக்கு இல்லாத பதில்.

ஸ்டீம் என்ற கடை 2003-லிருந்து இருக்கிறது. 2015-லிருந்து நமக்கு ரூபாயிலேயே விலை. முழுக்க இலவசமான விளையாட்டுகள் அதில் ஏராளம். காசு கொடுத்து வாங்கினாலும், வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக விளையாடியிருந்தால், காரணம் கேட்காமல் பணத்தைத் திருப்பித் தருகிறார்கள். வருஷத்தில் சில தடவை ‘நெக்ஸ்ட் ஃபெஸ்ட்’ என்று ஒரு வாரம் நடக்கும். வரப்போகும் நூற்றுக்கணக்கான விளையாட்டுகளின் டெமோவை விளையாடிப் பார்க்கலாம். எபிக் கடையில் வியாழக்கிழமைதோறும் ஒரு விளையாட்டையாவது இலவசமாகக் கொடுக்கிறார்கள். அந்த வாரத்தில் எடுத்துக்கொண்டால் என்றைக்கும் நம்முடையது. எந்த ஜிடிஏ 5-ஐ ஊரெல்லாம் கிராக்கில் தேடியதோ, அதையே 2020 மே மாதம் இலவசமாகக் கொடுத்தார்கள். கூட்டம் தாங்காமல் அன்று கடையே சில மணி நேரம் படுத்துவிட்டது. ஜிஓஜியில் பழைய விளையாட்டுகள் எந்தப் பூட்டும் இல்லாமல் குறைந்த விலைக்குக் கிடைக்கும். இட்ச் டாட் ஐஓவில் தனி ஆட்கள் செய்த சின்ன விளையாட்டுகளில் பல, டவுன்லோட் இல்லாமல் பிரவுசரிலேயே ஓடும். 2015-ல் இன்டர்நெட் ஆர்க்கைவ் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பழைய டாஸ் விளையாட்டுகளை பிரவுசரில் ஓடும்படி திறந்துவிட்டது. பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியாவை அவனுக்குப் போட்டுக் காட்டினேன். முதல் பள்ளத்திலேயே விழுந்தான், ஆனால் விடவில்லை.

கடை நல்லது என்பதற்காகக் கண்ணை மூடிக்கொள்ளவும் சொல்லவில்லை. 2025 பிப்ரவரியில் ஸ்டீமிலேயே பைரேட்ஃபை என்று ஒரு இலவச விளையாட்டு, பாஸ்வேர்ட் திருடும் நிரலோடு சில நாள் இருந்தது. நீக்கியபின் நிர்வாகமே, விளையாடியவர்கள் விண்டோஸை முழுதாக அழித்து ஏற்றுவதையும் யோசியுங்கள் என்று எழுதியது. அதனால் பையனுக்குச் சொன்னேன்: செய்தவர் யார், இதற்குமுன் என்ன செய்திருக்கிறார், எத்தனை பேர் எவ்வளவு நாளாக விளையாடுகிறார்கள் என்று பார். நேற்று வந்த விளையாட்டுக்கு அவசரப்படாதே. டிஸ்கார்டில் யாராவது “நான் ஒரு கேம் செஞ்சிருக்கேன், டெஸ்ட் பண்ணித் தா” என்று கோப்பை அனுப்பினால் தொடாதே, அது உன் கூட்டாளி பெயரில் வந்தாலும் சரி. அவன் கணக்கே திருட்டுப் போயிருக்கலாம்.

கடைக்கு வெளியே, செய்தவரின் சொந்தத் தளத்திலிருந்து எடுப்பதென்றால் இரண்டு வேலை. ஒன்று, கோப்பை வைரஸ்டோட்டலில் ஏற்றிப் பார்ப்பது. எழுபதுக்கும் மேற்பட்ட ஸ்கேனர்கள் ஒரே நேரத்தில் பார்க்கும். 650 எம்பிக்கு மேற்பட்ட கோப்பை அது வாங்காது. இது தெரிந்து திருடர்கள் வெற்று எழுத்துகளைத் திணித்துக் கோப்பை வேண்டுமென்றே ஊதிவிடுகிறார்கள் என்பதையும் தெரிந்துகொள்ளவேண்டும். பாஸ்வேர்ட் போட்ட ஜிப்பும் அதே சூழ்ச்சிதான். ஸ்கேனருக்கு உள்ளே தெரியாது. இரண்டாவது வேலையை அவனையே செய்யவைத்தேன். ஒரு இலவசப் போர் விளையாட்டை அதன் சொந்தத் தளத்திலிருந்து எடுத்தோம். கருப்புத் திரையைத் திறந்து, விண்டோஸோடு வரும் செர்ட்யூட்டில் கட்டளையால் அந்தக் கோப்பின் ஷா-256 எண்ணை எடுக்கச் சொன்னேன். 64 எழுத்துகள். தளத்தில் கொடுத்திருந்ததை ஒரு காகிதத்தில் எழுதி, நான்கு நான்கு எழுத்தாக அவன் வாசிக்க, நான் காகிதத்தில் விரலை நகர்த்தினேன். கோப்பில் ஒரு புள்ளி மாறியிருந்தாலும் இந்த எண் முழுக்க வேறாகிவிடும். சிஐஎச் மாதிரி வெற்றிடத்தில் ஒளிந்தாலும் இதில் மாட்டிக்கொள்ளும். அண்ணாச்சியின் நோட்டுக்குக் கிடைக்காத எண் இது. அவர் இருந்திருந்தால் இதைப் பார்த்து எவ்வளவு மகிழ்ந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

ஹார்ட் டிஸ்க் இல்லாத அந்த எக்ஸ்டி மெஷினும் இன்று வேறு உருவில் இருக்கிறது. 2019-லிருந்து விண்டோஸின் ப்ரோ வகையில் சாண்ட்பாக்ஸ் என்று ஒரு தனி அறை வருகிறது. உள்ளே எதை ஓட்டினாலும், மூடியதும் எல்லாம் அழிந்துபோகும். கடைகளில் விற்கும் லேப்டாப்புகளில் பெரும்பாலும் ஹோம் வகைதான் வருகிறது, அதில் இந்த வசதி கிடையாது. கனமான விளையாட்டுகளும் அதற்குள் சரியாக ஓடாது. வீட்டுக்கு இதைவிடப் பயன்படுவது, விளையாட ஒரு தனிக் கணக்கு: அட்மின் உரிமை இல்லாத சாதாரணக் கணக்கு. அம்மாவின் ஜிமெயிலும் பேங்கும் அந்தக் கணக்கில் திறக்கவே கூடாது. முடிந்தால் அந்த லேப்டாப்பிலேயே கூடாது. தங்கச்சியின் மின்சாரக் கட்டணத்தை போனுக்கு மாற்றிவிட்டேன்.

இதெல்லாம் ஒரு சாயங்கால வேலை. நம் பள்ளிக்கூட லேப்களில் இதை ஒரு வகுப்பாகச் சொல்லிக்கொடுக்கலாம். கம்ப்யூட்டர் கேம் என்றாலே அங்கே தடை. தடை போட்டுவிட்டதால் கடமை முடிந்ததாக நினைக்கிறோம். பப்ஜியை 2020 செப்டம்பரில் தடை செய்தபோது என்ன நடந்தது? பிள்ளைகள் யாரோ அனுப்பிய, ப்ளே ஸ்டோருக்கு வெளியே ஏற்றும் ஏபிகே கோப்புகளை வாட்ஸாப்பில் கைமாற்றினார்கள். தடை செய்யும் முன் அது ப்ளே ஸ்டோரிலாவது இருந்தது. என் கடைக்கு வந்த போன்களில், விளையாட்டின் படத்தைப் போட்டுக்கொண்டு எஸ்எம்எஸ் வாசிக்க அனுமதி கேட்ட ஆப்களை நீக்கியிருக்கிறேன். விளையாட்டுக்கு எதற்கு எஸ்எம்எஸ் என்று அந்தப் பிள்ளைகளிடம் அதுவரை யாரும் கேட்டதில்லை.

தக்கலைப் பையன் இப்போது வியாழக்கிழமை இரவு எபிக் கடையைத் திறந்து பார்க்காமல் தூங்குவதில்லை. பிடிக்காத டெமோவை அழித்துவிட்டு, ஏன் பிடிக்கவில்லை என்று எனக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்புகிறான். அவன் கூட்டாளிகள் இரண்டு பேர் லேப்டாப்போடு கடைக்கு வந்தார்கள். அவர்களுடையதையும் அழித்து ஏற்றவேண்டியிருந்தது. அவனுடைய தம்பி, எட்டாம் வகுப்பு, மைன்கிராஃப்டுக்கு மாட், அதாவது விளையாட்டை மாற்றும் துணை நிரல், வேண்டும் என்று நிற்கிறான். 2023 ஜூனில் ஃப்ராக்ச்சரைசர் என்ற நிரல் பிரபலமான மாட் தளங்களிலேயே நுழைந்து, எல்லோரும் நம்பிய மாட்களுக்குள் ஒட்டிக்கொண்டது. ஆகவே மாட் விஷயத்தில் தளத்தின் பெயரை மட்டும் பார்த்தால் போதாது, எது எப்போது அப்டேட் ஆனது என்பதையும் பார்க்கவேண்டும். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அவன் கூட்டாளிகளோடு வரச் சொல்லியிருக்கிறேன். அண்ணனைத்தான் சொல்லிக்கொடுக்கச் சொல்லப்போகிறேன். “அவன்கிட்ட நான் என்ன கேக்கணும் மாமா மொதல்ல?” என்றான் பெரியவன். “இத யாரு தந்தான்னு கேளு” என்றேன்.